பீரோவுக்குள் சாருமதி

மூக்கு அரிக்குது. சொறியக் கூடாது. சொறியக் கையைத் தூக்கினா முழங்கை பலகையில இடிக்கும், இடிச்சா அது நான் தட்டின மாதிரி வெளிய கேக்கும், கேட்டா கூட நடிக்கிற குப்புராஜ் சும்மா இருப்பாரா, அதையும் ஒரு ஜோக்கா ஆக்கி அடுத்த ஷோவுல சேர்த்துடுவாரு. அரிக்கட்டும் சனியன். நான் இப்ப மேடையில இருக்கேன், ஆனா கீழ உக்காந்திருக்கிற ஒருத்தருக்கும் தெரிய மாட்டேன், ஏன்னா பீரோவுக்குள்ள நிக்கிறேன். நெசமான பீரோ இல்ல. ஒட்டுப்பலகையில அடிச்சு, பச்சைப் பெயின்ட் பூசி, கைப்பிடியை மட்டும் எங்கயோ பழைய இரும்பு பீரோவுல இருந்து கழட்டி மாட்டினது. வெளிப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு. லைட் பட்டு முன் வரிசைக்காரங்க கண்ணு கூசும்னு எத்திராஜ் அதுல சோப்பைத் தடவி வெச்சிருப்பாரு, அவருதான் எங்களுக்குத் திரை இழுக்கிறவரு, செட்டு போடறவரு எல்லாம். எனக்குக் கிடைச்சது கண்ணாடியோட முதுகு. நாடகத்துப் பேரு ‘சாருமதியைக் காணோம்’. சாருமதி நான்தான், கதாநாயகி. கதாநாயகியை பீரோவுல நிக்க வெச்சுட்டு மத்தவங்க எல்லாரும் வெளிய நின்னு கைதட்டு வாங்கற நாடகத்தை உலகத்துலயே எங்க வீட்டுக்காரரு ஒருத்தர்தான் எழுதியிருப்பாரு. எழுதினதும் அவருதான், புருஷனா நடிக்கிறதும் அவருதான். இதோ வெளிய அவரு குரல் கேக்குது, தொண்டையைச் செருமிக்கிட்டு, வீட்ல உப்பு குறைஞ்சுபோச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி செருமுவாரே, அதே செருமல்.

கதை பெருசா ஒண்ணும் இல்ல. சாருமதி ஒரு சாதாரண வீட்டுக்காரி, ஒரு நாள் திடீர்னு ‘நான் யாரு’ன்னு கேக்க ஆரம்பிச்சுடறா. சாமியாரைப் போய்ப் பார்க்கிறா, யோகா கிளாஸ் போறா, ஜோசியக்காரன்கிட்ட போறா, போற எடமெல்லாம் சிரிப்பு. கடைசி சீன்ல, ‘நான் யாருன்னு இந்த வீட்ல ஒருத்தராவது சொல்லுங்க, ஆனா பொண்டாட்டி, அம்மா, மருமகள் இந்த மூணு வார்த்தையும் வாயில வரக் கூடாது, சொல்ற வரைக்கும் வெளிய வர மாட்டேன்’னு பீரோவுக்குள்ள புகுந்துக்குவா. வெளிய புருஷன், மாமனார், மகன் மூணு பேரும் நின்னு பதில் சொல்லுவாங்க. தப்பான பதில்னா நான் உள்ளருந்து ஒரு தட்டு தட்டணும். சரியான பதில்னா மூணு. வசனம் கிடையாது. தட்டறதுதான் வசனம். முதல் ஷோவுல இந்த சீன் அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நானும் ஆகா, நல்லா இருக்கே, கொஞ்ச நேரம் இருட்டுல நின்னுட்டு வந்தா போதும்னு நினைச்சேன். ஆனா எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. மேடையில யாராவது எழுதாத ஒண்ணை எடுத்து விட்டு, ஜனம் சிரிச்சிடுச்சுன்னா, அது அடுத்த ஷோவுலருந்து நாடகத்துல சேர்ந்துடும். குப்புராஜ் மாமனாரா நடிக்கிறாரே, அந்த மனுஷனுக்கு வாய் சும்மாவே இருக்காது. ஊருக்கு ஒரு ஜோக்கு விட்டாரு. திருச்சியில ஒண்ணு, கோயமுத்தூர்ல ஒண்ணு, நெய்வேலியில ரெண்டு. எல்லாம் சேர்ந்து இப்ப குக்கர்ல பருப்பு வெந்து, தாளிச்சே இறக்கிடலாம், அவ்வளவு நேரம் ஆகுது. நாடகம் எவ்வளவு நல்லா ஓடுதோ அவ்வளவு நேரம் நான் உள்ள நிக்கணும். தட்டு. இதோ தட்டிட்டேன். மகனா நடிக்கிற பையன் ‘ஹோம் மினிஸ்டர்’னு சொன்னான், அது தப்பு, ஒரு தட்டு. சிரிப்பு. கையும் தானா போகுது, நான் கேட்டேனான்னுகூடத் தெரியலை, கைக்கே நாடகம் மனப்பாடம்.

உள்ள இருந்து சிரிப்பைக் கேட்டா அது சிரிப்பு மாதிரியே இருக்காது. ஓட்டு மேல மழை கொட்டற மாதிரி, எங்கயோ மேலருந்து வரும், பலகை அதிரும், பாதத்துல தெரியும். வெளிய நிக்கிறவங்களுக்கு முகம் தெரியும், பல்லு தெரியும், யாரு யாரைத் தட்டிச் சிரிக்கிறாங்கன்னு தெரியும். எனக்கு அதிர்வு மட்டும்தான். பின்னாடி மூச்சு விட எத்திராஜ் துளை போட்டு வெச்சிருக்காரு, அதுல மூக்கை வெச்சா செட்டுத் துணியோட புழுதி வாடை. என்னோட பழைய புடவைங்களைத்தான் உள்ள தொங்க விட்டிருக்கோம், கதவு திறக்கறப்ப பீரோ மாதிரி தெரியணும்னு. இந்த மாம்பழ மஞ்சள் செந்தூரன் காது குத்துக்கு எடுத்தது. என் பையன் செந்தூரன், நெசமான பையன், பூனாவுல இருக்கான். இது யாரோ வெச்சுக் குடுத்தது. இது, இது எதுக்கு எடுத்தது? அரக்குக் கலர்ல, சின்னச் சரிகை. யாரு எடுத்துக் குடுத்தாங்க? தெரியுமே. நாக்கு நுனியில நிக்குது. வேணாம் மங்கை, அதுக்குள்ள போகாதே. புடவை நினைவு வராததெல்லாம் ஒரு விஷயமா. எல்லாருக்கும் மறக்கும். கழுத்துக்குக் கீழ வேர்வை ஒரு எறும்பு மாதிரி இறங்குது. இந்த வயசுல திடீர்னு உடம்பு கொதிச்சு எழும் பாருங்க, அது எப்பவும் இந்த சீன்லதான் எழும், பழகின நாய் மாதிரி நேரம் தெரிஞ்சு வருது. தட்டு. சிரிப்பு. அடங்கட்டும்.

சிரிப்பு அடங்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவரு எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான். அப்ப அவங்க குழுவுல நடிக்கப் பொம்பளை கிடைக்காம திண்டாடிக்கிட்டு இருந்தாங்க, ‘நீயே வாயேன் மங்கை, சும்மா நின்னு நாலு வார்த்தை பேசினா போதும்’னாரு. ‘லீட் குடுக்கணும், அதான் உன் வேலை. நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன், ஜனம் சிரிக்கும், சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திரு, அப்புறம் அடுத்த கேள்வி.’ நல்லா கத்துக்கிட்டேன். எந்த ஊர் ஜனம் எவ்வளவு நேரம் சிரிக்கும்னு எனக்கு அத்துப்படி. வீட்லயும் அப்படியே ஆயிடுச்சு. அவரு யாருகிட்டயாவது போன்ல பேசிச் சிரிச்சு முடிக்கற வரைக்கும் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பேன். எத்தனை புருஷன் வேஷம் இவருக்கு, எத்தனை நாடகத்துல எத்தனை பேரு, எனக்கும் எத்தனை பேரு, கற்பகம், மீனலோசனி, ஜம்பகம், எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, ‘ஏங்க, என்னங்க சொல்றீங்க?’ நாடகம் முடிஞ்சா பொம்பளைங்க மேடைக்கு ஏறி வருவாங்க. ‘உங்க வீட்ல எப்பவும் சிரிப்பாவே இருக்கும் இல்ல?’ம்பாங்க. அவரோட நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு போனை எங்கிட்டயே நீட்டுவாங்க. நானும் எடுத்துக் குடுப்பேன், ‘கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, தலை வெட்டுது’ன்னு சொல்லி. நல்லாத்தான் எடுப்பேன்.

சாருமதி எங்கருந்து வந்தா? இது ஜனத்துக்குத் தெரியாது. எங்க சமையல்கட்டுலருந்து வந்தா. செந்தூரன் கல்யாணம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிப் போன பிற்பாடு, ஒரு சாயங்காலம், குழம்பு தாளிக்கப் போனேன். அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவைக் கையில எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு மறந்துபோச்சு. இதாவது எல்லாருக்கும் வர்றதுதான், நின்னு யோசிச்சா வந்துடும். நின்னேன். வரலை. எண்ணெய் காயுது, புகையுது, நான் நிக்கிறேன். அப்புறம் எதை எடுக்க வந்தோம்ங்கறது போயி, எடுக்க வந்தது யாருன்னே மறந்துபோச்சு. எப்படிச் சொல்றது இதை. கை இருக்கு, கையில வளையல் இருக்கு, டப்பா இருக்கு, கடுகு இருக்கு, எல்லாம் இருக்கு, ஆளைக் காணோம். அவ்வளவு பயம் எனக்குப் பிரசவத்துலகூட வரலை. எண்ணெய் தீஞ்ச வாடை வந்து அடுப்பை அணைச்சு, நேரா ஹாலுக்குப் போனேன். அவரு பேப்பரை விரிச்சு வெச்சுக் கால் நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. ‘ஏங்க, நான் யாருங்க?’ன்னு கேட்டேன். நெசமாத்தான் கேட்டேன், சாமி சத்தியமா. அவரு நிமிர்ந்து பார்த்தாரு, என் கையில கடுகு டப்பா. சிரிச்சாரு பாருங்க. நகவெட்டி கீழ விழுந்து, இருமி, கண்ணுல தண்ணி வந்து, ‘ஐயோ, திருப்பிச் சொல்லு, அதே மாதிரி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பிச் சொல்லு’ன்னாரு. அவரு சிரிக்கிறதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. பயம் அப்படியே இருக்கு, வாய் மட்டும் சிரிக்குது. மறுநாள் காலையில முதல் சீனைப் படிச்சுக் காட்டினாரு. திரை தூக்கினா சாருமதி கையில கடுகு டப்பாவோட நிக்கிறா. ‘எப்படி இருக்கு?’ன்னு கேட்டாரு. ‘ரொம்ப நல்லா இருக்குங்க’ன்னேன். வேற என்ன சொல்றது, நல்லாத்தான் இருந்துச்சு.

தட்டணும். இல்ல, இன்னும் இல்ல, குப்புராஜ் வெத்திலைப் பெட்டி ஜோக்குல இருக்காரு, அது முடிஞ்சு புருஷன் பெருமூச்சு விடணும், அப்புறம்தான். காலை மாத்தி வெச்சுக்கறேன். இந்த இருட்டுல நிக்கிறப்ப எனக்கு ஒரே பயம்தான், அது இங்கயே வந்துட்டா? அந்த டப்பா நேரம் இங்க வந்துட்டா, எப்பத் தட்டணும், எத்தனை தட்டணும், யாரு தட்டணும்னு தெரியாம நின்னுட்டா? சமையல்கட்டுல எண்ணெய் வாடையாவது வந்து எழுப்பிச்சு, இங்க என்ன இருக்கு, மழை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு தடவை வந்துது, அப்புறம் வரவே இல்ல, அசதியா இருந்திருக்கும், கல்யாண வேலை, தூக்கம் இல்ல, இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்து வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்து பஸ்ல வந்துது. சைதாப்பேட்டையில அக்கா வீட்டுக்குப் போலாம்னு ஏறினேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, ஆனாலும் எங்க இறங்கணும்னு கண்டக்டர்கிட்டச் சொல்லணும் இல்ல, அப்பத்தானே சீட்டு கிழிப்பாரு. ‘எங்கம்மா?’ன்னாரு. வாயைத் திறந்தேன். ஒண்ணும் இல்ல உள்ள. ‘எங்கம்மா இறங்கணும்? சீக்கிரம் சொல்லும்மா.’ எனக்கு ஊரும் தெரியலை, எதுக்கு ஏறினேன்னும் தெரியலை, ‘அம்மா’ன்னு கூப்பிட்டுக் கேக்கறாரே, அந்த அம்மா யாருன்னும் தெரியலை. பக்கத்துல பூக்கூடையோட ஒருத்தி, ‘தூங்கிட்டியாம்மா?’ன்னு தோளைத் தொட்டா. ‘கடைசி ஸ்டாப்’னு சொல்லிட்டேன், அது எங்க இருக்குன்னே தெரியாம. அங்க போயி இறங்கி, ஒரு சிமென்ட் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பஸ்ஸுங்க வருது, போகுது, எல்லாத்துலயும் ஏதோ எழுதியிருக்கு, எழுத்து தெரியுது, படிக்கவும் வருது, ஆனா எதுவும் என்னைக் கூப்பிடலை. அக்கா போன் பண்ணினா. ‘எங்கடி தொலைஞ்ச, சோறு ஆறுது’ன்னா. அந்த ‘டி’யைக் கேட்டப்பறம்தான் எல்லாம் மளமளன்னு திரும்பி வந்துது. பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன்.

இன்னிக்குக் காலையில அவருகிட்டச் சொன்னேன். சொல்லாம எப்படி இருக்கறது. முகத்துல சோப்பு நுரையோட சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், அவருகிட்ட எதைச் சொன்னாலும் சிரிப்பாச் சொன்னாத்தான் காது குடுப்பாருன்னு, ‘ஏங்க, ஒரு கூத்தைக் கேளுங்க’ன்னு ஆரம்பிச்சேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். கண்டக்டரைச் சொன்னேன், பூக்காரியைச் சொன்னேன், கடைசி ஸ்டாப்பைச் சொன்னேன். அழுததைச் சொல்லலை. நுரை தெறிக்கச் சிரிச்சாரு. ‘டாக்டரைப் பார்க்கலாமாங்க?’ன்னு கேட்டேன், அதை மட்டும் சிரிக்காமக் கேட்டேன். ‘பார்க்கலாம் பார்க்கலாம், ஷோ முடியட்டும்’னாரு. சொல்லிட்டு, சவரக் கத்தி கன்னத்துல நின்னது நின்னபடி, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாரு. கவலையா இருக்காருன்னு நினைச்சேன். பாவம், மனசுல போட்டு வெச்சுக்கிட்டாருன்னு நினைச்சு, அவருக்குப் பிடிக்குமேன்னு பச்சைப் பட்டாணி உரிச்சுப் போட்டுக் குருமா வெச்சேன். முட்டாள் பொம்பளை. தட்டு. சிரிப்பு.

இப்ப குப்புராஜ் முறை. இங்க அவரு, ‘என் மருமகள் யாருன்னா, சீரியலுக்குப் பொறந்தவ’ன்னு சொல்லணும், நான் தட்டணும், ‘ஐயையோ மருமகள்னுட்டேனே’ன்னு வாயில அடிச்சுக்கணும். சொல்லலை. வேற ஏதோ ஆரம்பிக்கிறாரு. புதுசு. ‘அவ யாருன்னு கேக்கறியேடா, அவளுக்கு அவ எங்க இருக்கான்னே தெரியாதுடா. நேத்து பஸ்ல கண்டக்டர் கேட்டான், எங்கம்மா இறங்கணும்னு. என் மருமக என்ன கேட்டா தெரியுமா? ‘தம்பி, நான் ஏறிட்டேனா?’ன்னு கேட்டா!’ பலகை அதிருது. கால் கட்டை விரல்லருந்து முட்டி வரைக்கும் அதிருது. இவ்வளவு பெரிய சிரிப்பு இந்த நாடகத்துக்கு வந்ததே இல்ல. கைதட்டறாங்க. யாரோ விசில் அடிக்கிறாங்க. பஸ். என் பஸ். காலையில குளியலறை வாசல்ல நின்னு சொன்னது, சாயங்காலத்துக்குள்ள குப்புராஜ் வாயில. மத்தியானம் உக்காந்து எழுதியிருப்பாரு. நான் பாத்திரம் கழுவறப்ப எழுதியிருப்பாரு. மேக்கப் போடறப்ப ரெண்டு பேரும் மூலையில குசுகுசுன்னு பேசிச் சிரிச்சது இதுதானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, பீரோவுக்குள்ள இருக்கறவளுக்கு எதுக்குச் சொல்லணும், தட்டறது எப்பவும் ஒரே தட்டுதானே. அந்தப் பார்வை கவலைப் பார்வை இல்ல. கடுகு டப்பாவைப் பார்த்த அதே பார்வை. ஐயோ. கோவமா இது? கோவம்தான். அழுகையும்தான். இந்தப் புடவைங்களை எல்லாம் கிழிச்சு வாயில திணிச்சுக்கலாம் போல இருக்கு. என்னால இதுக்குத் தட்ட முடியாது. கை மேல போகுது, பழக்கம், பிடிச்சு இழுத்துக்கறேன், வலது கையை இடது கையால பிடிச்சுக்கறேன். தட்ட மாட்டேன். அவரு ஒரு வார்த்தை கேக்கட்டும், எழுதாத வார்த்தை ஒண்ணு, நெசமா. அது வரைக்கும் தட்ட மாட்டேன்.

சிரிப்பு அடங்கிடுச்சு. தட்டு வரணும், வரலை. யாரோ இருமறாங்க. ஃபேன் சுத்தற சத்தம்கூடக் கேக்குது. ‘சாருமதி?’ன்னாரு. மேடைக் குரல்தான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ‘அப்பா, சத்தத்தையே காணோம், உள்ள கரன்ட் போயிடுச்சா?’ன்னு மகனா நடிக்கிற பையன் கேக்கறான். சிரிப்பு. குப்புராஜ் விடுவாரா, ‘பொம்பளை பேசாம இருக்கா, கையெடுத்துக் கும்பிட்டுக்கடா, குலதெய்வம் கண்ணைத் திறந்திருக்கு!’ இன்னும் பெரிய சிரிப்பு. நான் தட்டலை. தட்டாதது அவங்களுக்கு இன்னும் சிரிப்பா இருக்கு. சும்மா நின்னா சிரிக்கிறாங்க, மூச்சு விடாம இருந்தா சிரிக்கிறாங்க, இதுக்குள்ள நான் செத்துக் கிடந்தாலும் சிரிப்பாங்க. ஆனா அவருக்குத் தெரியும். இத்தனை ஷோவுல ஒரு தட்டு நான் தவற விட்டது இல்ல, ஜுரத்துல தட்டியிருக்கேன், எங்க அப்பா காரியம் முடிஞ்ச வாரம் வந்து தட்டியிருக்கேன். அவரு பயந்திருப்பாரு. உள்ள மயங்கிட்டாளா, அந்த பஸ் மாதிரி ஆயிடுச்சான்னு நினைச்சிருப்பாரு. செருப்புச் சத்தம் பீரோகிட்ட வருது. வர்றாரு. சட்டையில மாட்டின மைக்கைக் கையால பொத்தறாரு, ஸ்பீக்கர்ல கரகரன்னு வந்து நின்னுபோச்சு. கதவு இடுக்குல அவரு மூச்சு படுது, பட்டாணிக் குருமா வாடை. மேடையில அவரு மைக்கைப் பொத்தி நான் பார்த்ததே இல்ல. இது எனக்கு மட்டும்தான். கேக்கப் போறாரு. ‘மங்கை, உடம்புக்கு என்ன பண்ணுது’ன்னு கேட்டா போதும், மூணு தட்டு இல்ல, முப்பது தட்டு தட்டறேன், பஸ் ஜோக்கைக்கூட மன்னிச்சுடறேன். கேளுங்க. கேளுங்க சாமி.

‘மங்கை, பிரமாதம்! தட்டாதே. இன்னும் ரெண்டு நிமிஷம் இப்படியே இரு. ஜனமே நம்ம கையில இருக்கு. இனிமே எல்லா ஷோவுலயும் இதை வெச்சுக்கலாம்.’

செருப்புச் சத்தம் திரும்பிப் போகுது. மைக்குக்கு மறுபடி கரகரன்னு உயிர் வருது. ‘ஏன்டா, பூட்டு ரிப்பேர்காரனைக் கூப்பிடலாமா?’ சிரிப்பு. நான் என்ன செய்யறது? உள்ளயே இருந்தா, இருன்னு அவரு சொன்னதைக் கேட்டவ ஆயிடுவேன். தட்டினா நாடகத்துல எழுதினதைச் செஞ்சவ ஆயிடுவேன். வெளிய போனா? வெளிய போயி சாருமதி, ‘காப்பி போடட்டுமா?’ன்னு கேக்கணும், அந்தக் காப்பியைக் காதுல வாங்கிட்டுத்தான் எத்திராஜ் கயித்தை விடுவாரு, திரை விழும். இருக்கறதும் அவருது, போறதும் அவருது. கோவிச்சுக்கிட்டு நின்னேனே, அதைக்கூட எடுத்துக்கிட்டாரே மனுஷன், ஒரு நிமிஷம் என்கிட்ட தங்க விட்டாரா. அடுத்த ஊர்ல இதே எடத்துல கோவம் வராமலே கோவத்துக்கு நிக்கணும் நான். குப்புராஜ் ஏதோ சொல்றாரு. கேக்கலை. காதுக்குள்ள என் ரத்தம் ஓடற சத்தம்தான் கேக்குது. இரு, இந்தத் தாழ்ப்பாள் எங்க இருக்கு? மரத் தாழ்ப்பாள், என் கையாலதான் போட்டுக்கிட்டேன், தினமும் நான்தானே போட்டுக்கறேன், யாரு பூட்டினா என்னை? இடது பக்கம். இல்ல, மேல. இதோ.

லைட் கண்ணுல அடிக்குது. மூணு பேரும் பார்வையாளரைப் பார்த்து நிக்கிறாங்க, எனக்கு முதுகு காட்டிக்கிட்டு. நான் வெளிய வந்ததை அவங்களுக்கு முன்னாடி ஜனம் பார்த்துடுச்சு, அதனால சிரிக்குது. அவரு திரும்பினாரு. கண்ணாலயே ‘ஏன், அதுக்குள்ள ஏன்?’ங்கறாரு. ரெண்டு நிமிஷம் ஆகலை இல்ல. மேடையில ரெண்டு நாற்காலி, ஒரு பிரம்பு மோடா. எதுலயும் நான் உக்காந்தது கிடையாது, சாருமதிக்கு உக்கார்ற சீனே எழுதலை. குப்புராஜ் பக்கத்துல இருந்த நாற்காலியில ஒரு கையை ஊனிக்கிட்டு நின்னாரு. ‘கொஞ்சம் நகருங்கண்ணே’ன்னேன். மாமனாரை அண்ணேன்னு கூப்பிட்டுட்டேன். ஜனத்துக்கு அது போதாதா, கொல்லுன்னு சிரிச்சாங்க. குப்புராஜ் நகர்ந்தாரு, ஒண்ணும் புரியாம. உக்காந்தேன். சிரிப்பு அடங்கட்டும்னு காத்திருந்தேன், எனக்குத்தான் அது நல்லா வருமே. முன் வரிசை அடங்கிச்சு, நடு அடங்கிச்சு, கடைசியில பால்கனியில ஒரு ஆம்பளை மட்டும் தனியாச் சிரிச்சு, அவரும் நிறுத்தினாரு. சுத்தமா அடங்கின பிற்பாடு, என் ரவிக்கையிலயும் ஒரு மைக்கு இருக்கே, நான் வெளிய வந்தா மட்டும் போட்டுவிடறது, அது மேல கை வைக்காம, அவரைப் பார்த்துச் சொன்னேன்.

‘அந்த பஸ் விஷயம் ஜோக்கு இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு.’

எங்கயோ ரெண்டு பேரு சிரிச்சுட்டு, பக்கத்துல யாரும் சிரிக்கலைன்னு தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. எத்திராஜ் ஓரத்துல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு, காப்பி வரும் வரும்னு. வரலை. திரையும் விழலை. லைட்டும் அணையலை. எழுந்து போறதுக்கு எனக்கு வழி தெரியலை, மேடையிலருந்து எந்தப் பக்கமா வெளிய போறதுன்னு எழுதவே இல்லையே. மகனா நடிக்கிற பையன் அவரைப் பார்க்கிறான், குப்புராஜ் அவரைப் பார்க்கிறாரு, யாருக்கும் அடுத்த வரி தெரியலை. அவரு முகத்துல பவுடருக்குக் கீழ வேர்வை. எத்தனை நாடகத்துல நான் கேள்வி கேட்டு அவரு பதில் சொல்லியிருக்காரு, பதில் இல்லாம அவரு நின்னு இப்பத்தான் பார்க்கிறேன். பாவமா இருந்துச்சு, அதுதான் எனக்கு எரிச்சல், இப்பவும் பாவமா இருந்துச்சு. அவரு கை மைக்குகிட்டப் போச்சு, பொத்தறதா வேணாமான்னு அந்தரத்துல நின்னுச்சு. மெதுவா வந்து என் முன்னாடி மோடாவுல உக்காந்தாரு. தொண்டையைச் செருமலை.

‘எந்த பஸ்ஸு மங்கை?’ன்னு கேட்டாரு, காலையில சொன்னதை இப்பத்தான் கேக்கறவரு மாதிரி.

நெசமாவே கேக்கறாரா, மனசுக்குள்ள எழுதிக்கிறாரான்னு அவரு முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியலை. தெரியாமலே சொல்ல ஆரம்பிச்சேன். இந்தத் தடவை அழுததையும் சொன்னேன்.